பொய்க் கடிதத்தால் சமாதானம் வாங்கிய தீவு: ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே சுஷிமா பிழைத்த கதை

பிசினஸ் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சொல் 'டைகூன்'. பெரிய தொழிலதிபர் என்றாலே 'பிசினஸ் டைகூன்' என்று போட்டுவிடுவார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பானிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. அங்கே அது 'தைகுன்'. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனை, வெளிநாட்டுக் கடிதங்களில் அப்படித்தான் குறிப்பிட்டார்கள்.

அப்படி ஒரு பட்டம் ஏன் தேவைப்பட்டது என்று தேடிப் போனால், 1635-ல் எடோ கோட்டையில் நடந்த ஒரு மோசடி வழக்கில் போய் நிற்கும். எடோ என்றால் இன்றைய டோக்கியோ. குற்றச்சாட்டு லேசுப்பட்டதில்லை. ஒரு தீவை ஆண்ட குடும்பம், இரண்டு நாட்டு ஆட்சியாளர்களின் கடிதங்களை வருடக்கணக்கில் திருத்தியிருக்கிறது. சில கடிதங்களை முழுக்கவே போலியாகத் தயாரித்து அனுப்பியிருக்கிறது. குற்றம் நிரூபணமும் ஆனது. ஆனால் தீவின் தலைவருக்குத் தலை தப்பியது, பதவியும் தப்பியது. மாட்டிக்கொண்டது, புகார் கொடுத்தவர்!

அந்தத் தீவின் பெயர் சுஷிமா. வழக்கு ஏன் இப்படித் தலைகீழாக முடிந்தது என்று புரிய வேண்டுமானால், முதலில் அந்தத் தீவின் சோற்றுப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நெல் விளையாத ஊர்

ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள கடலில், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது சுஷிமா. பரப்பளவு சுமார் 700 சதுர கிலோமீட்டர். கொரியாவின் பூசான் துறைமுகம் இங்கிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தூரம்தான். ஜப்பானின் ஃபுகுவோகாவுக்கோ 130 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். சொந்த நாட்டைவிட அடுத்த நாடு பக்கத்தில் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் இரவில், தீவின் வடமுனையில் நின்றால் பூசானின் விளக்குகள் கண்ணுக்கே தெரியும்.

தீவில் கிட்டத்தட்ட 90 சதவீதம் காடும் மலையும். வயல் என்று சொல்ல அதிகம் இல்லை. 3-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சீன வரலாற்று நூலே இதைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறது: இங்கே நல்ல நிலம் கிடையாது, மக்கள் கடலில் கிடைப்பதைத் தின்கிறார்கள், படகேறி வடக்கேயும் தெற்கேயும் போய்த் தானியம் வாங்கி வருகிறார்கள் என்று. அடுத்த 1,500 ஆண்டுகளுக்குத் தீவின் பொருளாதாரம் இந்த ஒரு வரியைத் தாண்டவில்லை. வடக்கே போக முடியாவிட்டால் அடுப்பு எரியாது.

அடித்தும் பார்த்தார்கள், அரிசியும் கொடுத்தார்கள்

வாங்கித் தின்ன வழி இல்லாதபோது சுஷிமாக்காரர்கள் பறித்துத் தின்றார்கள். 14-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொரியக் கடற்கரை ஊர்களைச் சூறையாடிய கடற்கொள்ளையர்களுக்கு இந்தத் தீவு முக்கியமான தளம். நெல் ஏற்றிப் போகும் அரசுப் படகுகள்தான் அவர்களின் முதல் குறி.

1392-ல் கொரியாவில் ஜோசோன் வம்சம் ஆட்சிக்கு வந்தது. கே-டிராமாக்களில் கருப்புத் தொப்பியும் பட்டு அங்கியுமாக வருவார்களே, அதே ஜோசோன்தான். 1419-ல் அந்த அரசு 227 கப்பல்களையும் 17,000-க்கு மேற்பட்ட வீரர்களையும் சுஷிமா மீது அனுப்பியது. வீடுகளைக் கொளுத்தினார்கள், படகுகளை எரித்தார்கள். ஆனால் தீவைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. பிடித்து வைத்தால் அந்த ஜனங்களுக்கும் சேர்த்து யார் சோறு போடுவது?

அடியோடு நிறுத்தாமல் ஜோசோன் அரசு இன்னொரு கணக்கும் போட்டது. பசி இருக்கும்வரை கொள்ளையும் இருக்கும். அதனால் வியாபாரத்துக்கு வழிவிட்டால் கொள்ளை குறையும். தென்கரையில் மூன்று துறைமுகங்கள் ஜப்பானியர்களுக்குத் திறக்கப்பட்டன. 1443-ல் போட்ட ஒப்பந்தப்படி, சுஷிமாவை ஆண்ட 'சோ' குடும்பம் ஆண்டுக்கு 50 கப்பல்களை அனுப்பலாம். அதோடு அரிசியும் பயறுமாக 200 சோக் அளவு தானியம் ஆண்டுதோறும் கிடைக்கும். சோக் என்பது நம் ஊர் மூட்டைக் கணக்கு மாதிரி ஒரு கொரிய அளவை.

இதைவிட முக்கியமானது இன்னொரு ஏற்பாடு. ஜப்பானின் எந்த மூலையிலிருந்து கப்பல் வந்தாலும், சோ குடும்பத்தின் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் கொரியாவில் கரை இறங்க முடியும். நேற்றுவரை திருடர்களின் கூடாரமாக இருந்த தீவின் கையில், வாசல் சாவியைக் கொடுத்தது மாதிரி. சாவி கையில் இருப்பவன் சும்மா இருப்பானா?

மரத்தில் செதுக்கிய முத்திரைகள்

ஜோசோன் அரசு, தான் அங்கீகரித்த ஜப்பானியப் பிரபுக்களுக்குச் செம்பு முத்திரை கொடுத்து வைத்திருந்தது. கடிதத்தில் அந்த முத்திரை இருந்தால் தூதர் அசல் ஆள் என்று அர்த்தம். தூதராக வந்தால் சாப்பாடு, தங்குமிடம், பரிசுப்பொருள், வியாபார உரிமை எல்லாம் உண்டு.

சுஷிமாக்காரர்களுக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. அசல் தூதர் வராவிட்டால் என்ன, நாமே ஒருவரைத் தயார் செய்வோம் என்று இறங்கிவிட்டார்கள். 15, 16-ம் நூற்றாண்டுகளில் கொரியாவுக்குப் போன 'ஜப்பானியத் தூதர்'களில் ஏராளமானோர் சுஷிமாவிலேயே ஜோடிக்கப்பட்டவர்கள். சில பிரபுக்களுக்குத் தங்கள் பெயரில் தூதர் போனதே தெரியாது. அந்த மோசடிக்குப் பயன்பட்ட முத்திரைகள் சோ குடும்பத்தின் சேகரிப்பிலேயே பத்திரமாக இருந்து, 1990-களில் வெளியே வந்தன. மரத்தில் செதுக்கிய நகல்கள். அவற்றில் ஜப்பானிய ஷோகுனின் முத்திரையும் இருக்கிறது, கொரிய மன்னரின் முத்திரையும் இருக்கிறது! இப்போது அவை கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கப்படுகின்றன. மோசடி ஆவணம்கூட 400 வருடம் தாண்டினால் அரசு மரியாதை பெற்றுவிடுகிறது.

கொரிய அதிகாரிகளுக்கு இது தெரியாமலும் இல்லை. சந்தேகம் அடிக்கடி எழுந்தது. 1510-ல் துறைமுகங்களில் குடியிருந்த ஜப்பானியர்கள் கலவரம் செய்தபோது கதவை மூடினார்கள். இரண்டே ஆண்டில் பாதி திறந்தார்கள். 50 கப்பல் 25 ஆனது, 200 சோக் 100 ஆனது. முழுக்கக் கழற்றிவிட அவர்களாலும் முடியவில்லை.

'வழி கொடுங்கள்' என்று வந்த போர்

1580-களின் இறுதியில் ஜப்பானின் பெரும்பகுதியைத் தன் பிடிக்குள் கொண்டுவந்த தொயோதோமி ஹிதேயோஷி, சீனாவையே பிடிக்கக் கிளம்பினார். கொரியா தனக்குப் பணிந்து, முன்னால் நின்று படை நடத்த வேண்டும் என்பது அவரது கட்டளை. இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஆள், சுஷிமாவின் இளம் தலைவர் சோ யோஷிதோஷி.

அப்படியே சொன்னால் அன்றே உறவு முறிந்துவிடும். அதனால் சுஷிமா தரப்பு கட்டளையை மென்மையாக்கி, சீனாவுக்குப் போக வழி மட்டும் விடுங்கள் என்ற அளவுக்குக் குறைத்துச் சொன்னது. அதுவும் பலிக்கவில்லை. சீனாவின் மிங் பேரரசைத் தாய்வீடு போலப் பார்த்த ஜோசோன் அரசு, அதற்கு எதிராகப் படை போக வழிவிடுமா?

1592-ல் பூசானில் இறங்கிய முதல் ஜப்பானியப் படையில் யோஷிதோஷியும் அவரது மாமனார் கொனிஷி யுகினாகாவும் இருந்தார்கள். கொரியாவின் வழி தெரிந்தவர்கள், மொழி தெரிந்தவர்கள் சுஷிமாக்காரர்கள்தானே! அதுவரை அரிசி வாங்கிய ஊருக்கு, அவர்களே படைக்கு வழிகாட்டிகளாகப் போனார்கள். 1598-ல் ஹிதேயோஷி செத்த பிறகுதான் போர் ஓய்ந்தது. கொரியாவில் ஊர்கள் கருகின, பல்லாயிரம் பேர் கைதிகளாக ஜப்பானுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். சுஷிமாவுக்கு வியாபாரம் முற்றிலும் நின்றது.

இரண்டு நிபந்தனை, இரண்டு பொய்

ஹிதேயோஷிக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த தொகுகாவா இயேயாசுவுக்கு கொரியாவுடன் சண்டை தேவைப்படவில்லை. சுஷிமாவுக்கோ சமாதானம் என்பது சாப்பாடு. கைதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்பி, தூது மேல் தூது விட்டார்கள். ஆரம்பத்தில் போன தூதர்கள் சிலர் திரும்பி வரவே இல்லை.

கடைசியில் ஜோசோன் அரசு இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஒன்று, ஜப்பான்தான் முதலில் கடிதம் எழுத வேண்டும். பார்வைக்கு இது சம்பிரதாயம். அன்றைய ராஜதந்திர மரபில் முதலில் எழுதுபவர் தோற்றதை ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம். இரண்டாவது, போர்க்காலத்தில் தோண்டி நாசமாக்கப்பட்ட அரச கல்லறைகளுக்குப் பொறுப்பானவர்களைப் பிடித்து அனுப்ப வேண்டும். அந்தக் கல்லறைகள் இன்றும் சியோலில் இருக்கின்றன, கட்டடங்கள் சூழ்ந்த கங்னம் பகுதியின் நடுவே ஒரு பூங்காவாக.

இயேயாசு அப்படி ஒரு கடிதம் எழுதுவார் என்று சுஷிமா காத்திருக்கவில்லை. 1606-ல் 'ஜப்பான் மன்னர்' என்ற பெயரில் ஒரு கடிதம் சியோலுக்குப் போனது. அது சுஷிமாவில் தயாரான கடிதம் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாளர்களின் முடிவு. கூடவே இரண்டு பேரைக் கட்டி அனுப்பினார்கள், கல்லறையைத் தோண்டிய குற்றவாளிகள் என்று சொல்லி. அவர்கள் தீவில் வேறு குற்றங்களுக்காகப் பிடிபட்டிருந்த கைதிகள். விசாரணையில் இருவருமே, நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று மறுத்தார்கள்.

சியோல் அரசவை ஏமாந்ததா? இல்லை. கடிதத்தின் நடை சரியில்லை, முத்திரை சரியில்லை, குற்றவாளிகளும் சரியில்லை என்று அங்கே விவாதமே நடந்தது. ஆனால் அந்த நேரத்தில் கொரியாவின் வடக்கே மஞ்சூரியர்கள் பலமாகிக்கொண்டிருந்தார்கள். தெற்கில் ஒரு பகை, வடக்கில் ஒரு பகை என்றால் தாங்காது. கைதிகளாகப் போன மக்களையும் மீட்க வேண்டும். அந்த இருவரையும் கொன்றுவிட்டு, நிபந்தனைகள் நிறைவேறியதாக எடுத்துக்கொண்டார்கள். கல்லறைப் பக்கமே போகாத அந்த இரண்டு பேர்தான் இந்தச் சமாதானத்துக்கு விலை.

1607-ல் கொரியத் தூதுக்குழு எடோவுக்குக் கிளம்பியது. இப்போது சுஷிமாவுக்குப் புதுச் சிக்கல். கொரிய மன்னர் கொடுத்தனுப்பிய கடிதம், உங்கள் கடிதத்துக்குப் பதில் என்று தொடங்குகிறது. ஷோகுன் தரப்பு அப்படி ஒரு கடிதமே எழுதவில்லையே! வழியில் கடிதம் மாற்றப்பட்டது; பதில் கடிதம், முதல் கடிதம் ஆனது. தூதுக்குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை மீட்டுக்கொண்டு ஊர் திரும்பியது. 1609-ல் வியாபார ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 20 கப்பல்.

1617, 1624 தூதுக்குழுக்களின்போதும் இதே வேலை. கொரியர்கள் 'ஜப்பான் மன்னர்' என்ற கையொப்பம் இருக்க வேண்டும் என்பார்கள். ஷோகுன் தரப்பு அந்தப் பட்டத்தைப் போடாது. மன்னர் என்ற ஒரே ஓர் எழுத்தை நடுவில் சேர்த்துவிட்டால் இரு தரப்பும் நிம்மதி. சுஷிமா அந்த எழுத்தைச் சேர்த்தது.

காட்டிக்கொடுத்தவருக்குத் தண்டனை

பொய் வெளியே வந்தது உள்வீட்டுச் சண்டையால். சோ குடும்பத்தின் தலைமை நிர்வாகிகளாக இருந்தவர்கள் யனகாவா குடும்பத்தினர். கொரிய விவகாரங்களை மூன்று தலைமுறையாகப் பார்த்துவந்ததால், எடோவில் அவர்களுக்குச் சொந்தச் செல்வாக்கு வளர்ந்துவிட்டது. யோஷிதோஷியின் மகன் சோ யோஷினாரி காலத்தில், யனகாவா ஷிகெயோகி தனக்கு இனி இந்தத் தலைவர் வேண்டாம், நேரடியாக ஷோகுனுக்குக் கீழேயே இருந்துகொள்கிறேன் என்று கிளம்பினார். நிலத்தகராறு முற்றியது. தன்னிடம் இருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தார்: கடிதங்கள் எல்லாம் போலி என்று போட்டு உடைத்தார்.

அந்தப் போலிகளில் அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் பங்கு இருந்தது என்பதை அவர் பெரிதாக நினைக்கவில்லை போலிருக்கிறது.

1635-ல் ஷோகுன் இயேமித்சு, பிரபுக்கள் பலர் முன்னிலையில் நேரடியாக விசாரித்தார். சட்டப்படி பார்த்தால் சோ குடும்பத்தின் கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சோ குடும்பத்தை நீக்கினால் கொரியாவுடன் பேச ஆள் யார்? 200 ஆண்டு உறவு, மொழி தெரிந்தவர்கள், வழக்கம் தெரிந்தவர்கள் எல்லாம் அந்தத் தீவில்தான். அதைவிட, தலைவரை எதிர்த்த நிர்வாகிக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னால் நாளைக்கு எல்லா ஊரிலும் நிர்வாகிகள் கிளம்புவார்கள். யோஷினாரி குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. ஷிகெயோகி ஜப்பானின் வடகோடிக்கு ஒதுக்கப்பட்டார். கடிதம் எழுதும் பொறுப்பில் இருந்த துறவி கென்போவும் வடக்கே அனுப்பப்பட்டார். யனகாவா தரப்பு உதவியாளர்கள் சிலருக்கு மரண தண்டனை. பேனா பிடித்த கைகள்தான் கடைசியில் மாட்டின.

ஆனால் ஷோகுன் அரசு சும்மா விடவில்லை. கியோத்தோவின் பெரிய மடங்களில் இருந்து படித்த துறவிகளைச் சுழற்சி முறையில் சுஷிமாவில் அமர்த்தி, கொரியக் கடிதங்களை எல்லாம் அவர்கள் கண்காணிக்க ஏற்பாடு செய்தது. மன்னர் என்ற எழுத்துக்காக இனி யாரும் திருட்டுத்தனம் செய்யக்கூடாது என்று புதுப் பட்டத்தையும் முடிவு செய்தார்கள். அதுதான் 'தைகுன்'. 1636-ல் வந்த கொரியத் தூதுக்குழுவிலிருந்து ஷோகுன் அந்தப் பெயரில் அழைக்கப்பட்டார்.

பெண்கள் நுழையக்கூடாத ஊர்

கடிதங்கள் ஒழுங்கானதும் வியாபாரம் சூடுபிடித்தது. போருக்குப் பிறகு ஜப்பானியர் யாரும் கொரியாவுக்குள் சுதந்திரமாக நடமாட முடியாது. பூசானில் மதில் சூழ்ந்த ஒரு வளாகம் ஒதுக்கப்பட்டது. பெயர் 'வேக்வான்', ஜப்பானியர் விடுதி என்று பொருள். 1678-ல் அது பெரிய இடத்துக்கு மாறியது. ஜப்பானின் நாகசாகியில் டச்சுக்காரர்களை அடைத்து வைத்திருந்த தெஜிமா தீவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது அதைப்போலச் சுமார் 25 மடங்கு. இன்று பூசானுக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோபுரத்தில் ஏறி போட்டோ எடுக்கும் யோங்டுசான் பூங்கா, அந்த வளாகத்தின் நடுவில் இருந்த குன்றுதான்.

சுஷிமாவிலிருந்து வந்த 400, 500 ஆண்கள் எப்போதும் உள்ளே இருந்தார்கள். அதிகாரிகள், வியாபாரிகள், மொழிபெயர்ப்பாளர்கள், மருத்துவம் படிக்க வந்தவர்கள். காலையில் வாசலில் கூடும் சந்தையில் பக்கத்து ஊர்க்காரர்கள் மீனும் காய்கறியும் விற்பார்கள். மாதத்தில் 6 நாள், 3-ம் எண்ணிலும் 8-ம் எண்ணிலும் முடியும் தேதிகளில், பெரிய வியாபாரம்.

1683-ல் இரு தரப்பும் சேர்ந்து போட்ட விதிகள் கல்லில் வெட்டப்பட்டன. அந்தக் கல் இப்போது பூசான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் மரணம். கள்ள வியாபாரத்துக்குப் பணம் கொடுத்தால், கொடுத்தவர் வாங்கியவர் இருவருக்கும் மரணம். சந்தை நாளில் அறைக்குள் ஒளிந்து விற்றால் மரணம். உணவுப்பொருள் கொண்டுவரும் கொரிய ஊழியர்களை அடிக்கக் கூடாது என்றும் ஒரு விதி. அப்படி எழுதி வைக்க வேண்டிய நிலை இருந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். தண்டனை, வளாகத்தின் வாசலுக்கு வெளியே, எல்லோரும் பார்க்க.

பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ரகசியமாக ஒரு கொரியப் பெண் உள்ளே போய்ப் பிடிபட்டால், அவருக்கும் கூட்டிப்போன தரகருக்கும் மரண தண்டனை. சம்பந்தப்பட்ட ஜப்பானியரைச் சுஷிமாக்காரர்கள் சத்தமில்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே குற்றத்துக்கு ஏன் ஒரு பக்கம் மட்டும் தலை போக வேண்டும் என்று கொரியத் தரப்பு பல ஆண்டுகள் சண்டை போட்டது. 1711-ல்தான் ஜப்பானியருக்கும் தண்டனை என்று ஒப்பந்தமானது. அதிலும் வன்முறை செய்திருந்தால் மட்டுமே மரணம். மற்றபடி நாடு கடத்தல். எல்லை வியாபாரத்தின் லாபக் கணக்கு எழுதப்பட்ட அளவுக்கு இந்தப் பெண்களின் கதை எழுதப்படவில்லை.

பஞ்சாங்க வெள்ளி

சரி, அப்படி என்னதான் விற்றார்கள்? ஜப்பானிடம் வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சீனாவிடம் பட்டு இருந்தது. ஆனால் ஜப்பானியர் நேராகச் சீனாவுக்குப் போக முடியாது. கொரியாவிடம், சீனாவுக்கு வருடாவருடம் போகும் தூதுக்குழு இருந்தது. கூடவே ஜின்செங் வேரும் இருந்தது.

கியோத்தோவில் திரட்டிய வெள்ளி சுஷிமா வழியாகப் பூசான் வரும். கொரிய வியாபாரிகள் அதை வாங்கி, சியோல் வழியாக யாலு ஆற்றங்கரையில் உள்ள உய்ஜு எல்லை ஊருக்குக் கொண்டுபோய், தூதுக்குழுவோடு பெய்ஜிங் அனுப்புவார்கள். பட்டு அதே வழியில் திரும்பி வந்து, கியோத்தோ நெசவாளர்களின் தறியில் ஏறும். மூன்று நாடுகளில் ஒரே சங்கிலி. வெள்ளி அனுப்பும் காலம்கூடத் தூதுக்குழு கிளம்பும் நாளை ஒட்டித்தான். புது வருடத்துப் பஞ்சாங்கம் வாங்க பெய்ஜிங் போகும் குழுவுக்காக அனுப்புவது 'பஞ்சாங்க வெள்ளி'. குளிர்காலக் குழுவுக்காக அனுப்புவது 'மார்கழி வெள்ளி' என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் நாளை ஒட்டி வந்த பெயர் அது.

நாட்டை விட்டு வெள்ளி இப்படிப் போவதைப் பார்த்து ஷோகுன் அரசு 1686-ல் உச்சவரம்பு வைத்தது: ஆண்டுக்கு 1,080 கான், அதாவது சுமார் 4 டன். அந்த வரம்பைத் தாண்டி அனுப்பியதை சுஷிமாவின் சொந்தக் கணக்கேடுகளே சொல்கின்றன. பழைய பழக்கம் விடுமா!

ஜின்செங் கதை இன்னும் சுவாரசியம். எல்லா நோய்க்கும் மருந்து என்று எடோ மக்கள் அதை நம்பினார்கள். விலை தாறுமாறு. ஜின்செங் தின்று பிழைத்தவன் கடன் தாங்காமல் தூக்குப் போட்டுக்கொண்டான் என்ற கருத்தில் ஜப்பானில் ஒரு பழமொழியே உண்டு. 1695-லிருந்து ஷோகுன் அரசு செலவுக்குப் பணம் இல்லாமல் வெள்ளிக் காசில் கலப்படம் செய்யத் தொடங்கியது. 80 சதவீதம் இருந்த தூய்மை 64 ஆகி, பிறகு 50 ஆகி, ஒரு கட்டத்தில் 20 வரை இறங்கியது. கொரிய வியாபாரிகள் மட்டமான காசைத் தொட மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் 1710-ல் ஜின்செங் வாங்குவதற்கென்றே 80 சதவீதத் தூய்மையில் தனி வெள்ளி வார்த்தார்கள். சொந்த மக்களுக்குக் கலப்படக் காசு, கொரிய வேருக்கு நல்ல காசு.

மொழி தெரிந்த ஒருவர்

இந்தக் காலத்தில் சுஷிமாவில் வேலை பார்த்த அறிஞர் அமெனோமோரி ஹோஷூ. சீனம் தெரிந்தவர், பூசான் வளாகத்தில் தங்கிக் கொரிய மொழியும் கற்று, அதற்குப் பாடநூல் எழுதினார். 1727-ல் தீவில் கொரிய மொழிப் பள்ளி தொடங்கினார். அண்டை நாட்டோடு ஏமாற்றாமல், சண்டை போடாமல், உண்மையாகப் பழகுவதுதான் ராஜதந்திரம் என்று தன் தலைவருக்கு எழுதிக் கொடுத்தார். போலி முத்திரைகளைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பத்துக்கே இந்த அறிவுரை! 1990-ல் ஜப்பான் சென்ற தென்கொரிய அதிபர் ரோ தே-வூ தன் பேச்சில் இவரை நினைவுகூர்ந்த பிறகு, மறந்துபோயிருந்த பெயர் இரு நாட்டிலும் மீண்டும் பேசப்பட்டது.

வெள்ளி, வேர் தவிர வேறு ஒன்றும் இந்த வழியில் கடல் தாண்டியது. 1763-ல் கிளம்பிய கொரியத் தூதுக்குழுவின் தலைவர் ஜோ ஓம், சுஷிமாவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பார்த்து, பஞ்சத்துக்கு உதவும் என்று பூசானுக்கு அனுப்பினார். பெற்றோரைக் காப்பாற்றும் கிழங்கு என்ற பொருளில் சுஷிமாக்காரர்கள் அதை 'கோகோ இமோ' என்பார்கள். கொரியர் வாயில் அது 'கோகுமா' ஆகி, இன்றுவரை அதே பெயர்.

விதை கொடுத்துக் கெட்டது

வியாபாரத்தை முடித்து வைத்தது போரோ தடையோ இல்லை. எட்டாவது ஷோகுன் யோஷிமுனே, இவ்வளவு வெள்ளியைக் கொட்டுவதற்குப் பதில் ஜின்செங்கை நாமே பயிர் செய்தால் என்ன என்று கேட்டார். கொரியாவிலிருந்து உயிர்ச்செடியும் விதையும் கொண்டுவரும்படி உத்தரவு போனது சுஷிமாவுக்கு. தன் கடையை மூடும் வேலையைத் தானே செய்ய வேண்டிய நிலை, ஆனாலும் செய்தார்கள். நிக்கோ என்ற மலை ஊரில் பயிர் பிடித்தது. விதை மற்ற ஊர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஜப்பானியப் பட்டும் அதே காலத்தில் தரம் உயர்ந்தது. 1750-கள் வாக்கில் கொரியாவுக்கு வெள்ளி போவது நின்றே போனது. அதன் பிறகு சுஷிமா ஷோகுனிடம் உதவித்தொகை வாங்கிக் காலம் தள்ளியது. 1607 முதல் 12 முறை வந்த கொரியத் தூதுக்குழுக்களில் கடைசிக் குழு, 1811-ல் எடோ வரை போகவில்லை. செலவு மிச்சம் என்று சுஷிமாவிலேயே வரவேற்று அனுப்பிவிட்டார்கள்.

1868-ல் ஷோகுன் ஆட்சி கவிழ்ந்து, பேரரசர் பெயரில் புது அரசு வந்தது. அந்தச் செய்தியைக் கொரியாவுக்குக் கொண்டுபோனதும் சுஷிமாதான். கடிதத்தில் 'பேரரசர்' என்ற எழுத்து இருந்தது. அது சீனப் பேரரசருக்கு மட்டுமே உரியது என்று கருதிய கொரிய அதிகாரிகள் வாங்க மறுத்தார்கள். கடிதத்தில் இருந்ததும் அவர்கள் கொடுத்த பழைய முத்திரை இல்லை, புதிது.

250 ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால், இதே மாதிரியான ஓர் எழுத்தைச் சுஷிமா நடுக்கடலில் மாற்றியிருக்கும். இப்போது அதற்கு இடம் இல்லை. 1871-ல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் எல்லாம் ஒழிக்கப்பட்டன. தீவு நாகசாகி மாகாணத்தில் சேர்ந்தது. 1872-ல் பூசான் வளாகத்தை டோக்கியோவின் வெளியுறவுத் துறை எடுத்துக்கொண்டது. கொரியாவை அடிக்க வேண்டும் என்று டோக்கியோவில் குரல்கள் எழுந்தன. 1875-ல் போர்க்கப்பல் போனது. 1876-ல் மிரட்டி வாங்கிய ஒப்பந்தத்தில் பூசான் திறந்தது. 1910-ல் கொரியாவையே ஜப்பான் விழுங்கியது.

இப்போது தீவில்

சோ குடும்பம் விட்டுப்போன ஆவணங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஜப்பானிலும் தென்கொரியாவிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. தீவில் மக்கள்தொகை 30,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. பூசானிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் விரைவுப் படகுகள்தான் நவீன காலத்து அரிசி. 2018-ல் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியர்கள் வந்தார்கள். 2019-ல் டோக்கியோவுக்கும் சியோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் தகராறு வந்ததும், ஜப்பானைப் புறக்கணிப்போம் என்று கொரியாவில் இயக்கம் கிளம்பியது. தீவின் ஓட்டல்களும் கடைகளும் காலியாயின. பிறகு கொரோனா. 2023 பிப்ரவரியில்தான் படகுகள் மறுபடி ஓடத் தொடங்கின.

இடையில் இன்னொரு வழக்கு. 2012-ல் கொரியத் திருடர்கள் சுஷிமாவின் கன்னோன்ஜி கோயிலில் இருந்து ஒரு போதிசத்துவர் சிலையைத் திருடிப்போய்ப் பிடிபட்டார்கள். 1330-ல் கொரியாவின் புசோக்சா கோயிலுக்காகச் செய்யப்பட்ட சிலை அது. கடற்கொள்ளையர் காலத்தில் எங்களிடமிருந்து பறித்ததுதானே, திருப்பித் தர மாட்டோம் என்று அந்தக் கோயில் வழக்குப் போட்டது. 2017-ல் கீழ் நீதிமன்றம் புசோக்சாவுக்குச் சாதகமாகச் சொன்னது. 2023 அக்டோபரில் தென்கொரிய உச்ச நீதிமன்றம், சிலை கன்னோன்ஜிக்கே சொந்தம் என்று தீர்த்தது. இத்தனை நூற்றாண்டு கையில் இருந்ததால் உரிமை அங்கேதான் என்பது அதன் கணக்கு.

தீர்ப்பு வந்த பிறகு கொரியக் கோயில் ஒரு வேண்டுகோள் வைத்தது: அனுப்புவதற்கு முன் 100 நாள் எங்களிடம் வைத்து வழிபாடு செய்துகொள்கிறோம். கன்னோன்ஜி சம்மதித்தது. 2025 மே மாதம் சிலை தீவுக்குத் திரும்பி வந்தது.